வாடகைப் பாக்கியும் வங்குரோத்தும்

வீட்டை வாடகைக்கு விட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கதை எங்கட ஊர்களில் ஒழுங்கைக்கு ஒன்று இருக்கும். ஆறு மாதம் காசு தராமல் இழுத்தடித்துவிட்டு, போகும்போது ஃபானையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். தேடிப்போய்க் கேட்டால் "நான் முறிஞ்சுபோனன் அண்ணை, என்னட்ட என்ன இருக்கு?" என்பார். அதுக்கும் வழி உண்டு. மத்தியஸ்த சபை இருக்கிறது, மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. ஒருவர் வங்குரோத்து என்று அறிவித்தால் கடன் கொடுத்தவர்களின் பட்டியல் எடுப்பார்கள். இருக்கிற சொத்தைப் பங்கிடுவார்கள். அந்தப் பட்டியலில் வீட்டுக்காரரும் நிற்கலாம். ஆனால் கணக்கோடு போய் நிற்க வேண்டும்.

வன்னியில் வாடகை தராமல் இருந்ததில் ஆகப்பெரியவர் ஆர் என்று சொல்லத் தேவையில்லை. படைதான்.

2012 செப்டெம்பரில் மெனிக் பாமை மூடியபோது கேப்பாப்புலவுச் சனத்தை ஊருக்கு விடவில்லை. 'மாதிரிக் கிராமம்' என்று வேறொரு இடத்தில் இறக்கினார்கள். 2017 ஜனவரி 31 அன்று பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் குந்தினார்கள். ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் குழந்தைகளோடு கிடந்த பிறகுதான் காணிக்குள் கால் வைத்தார்கள். கேப்பாப்புலவில் அந்த வருடம் டிசம்பர் 28 அன்று 133 ஏக்கர் கைமாறியது. திரும்பிப்போன பலருக்கு வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை.

அப்போது பத்திரிகைகள் 'விடுவிப்பு' என்று எழுதின. எங்கட பிரதிநிதிகள் சிலர் நன்றியும் சொன்னார்கள். எதுக்கு நன்றி? போர் முடிந்த மாதத்தை விட்டு எண்ணினாலும் 103 மாதம். மாதம் வெறும் 5,000 ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு வளவுக்கு 5,15,000 ரூபாய் வருகிறது. உடைத்த வீடு, வெட்டிய மரம், பறித்த தேங்காய் எல்லாம் அதுக்கு மேலே. இதைவிட வேடிக்கை, 111 ஏக்கரை விட்டு இடம் மாற மீள்குடியேற்ற அமைச்சு இராணுவத்துக்கு 148 மில்லியன் ரூபாய் ஒதுக்கியது. வெளியே போகிறவருக்குச் செலவுக்காசு உண்டு. வீட்டுக்காரருக்கு வாடகை என்ற சொல்லே அந்தக் கணக்கில் இல்லை.

பிறகு 2022 ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டேன் என்று கையை விரித்தது. இப்ப வாடகைப் பேச்சை எடுத்தால் "நாடே வங்குரோத்து, உங்களுக்கு வாடகை கேக்குதோ?" என்கிறார்கள். ஆனால் ஹமில்ரன் றிசேர்வ் வங்கி என்ற ஒன்று அதே வருடம் ஜூனில் நியூயோர்க் நீதிமன்றத்தில் 25 கோடி டொலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. அதை ஒருவரும் வெட்கம் கெட்டவர் என்று சொல்லவில்லை. 2024 டிசம்பரில் சுமார் 1,255 கோடி டொலர் கடன்பத்திரங்களுக்குப் புதிய பத்திரம் கொடுத்து இணக்கம் கண்டார்கள். வங்குரோத்தானவர் பேசுகிறார், பங்கிடுகிறார். பத்திரம் வைத்திருந்தவரோடு மட்டும்.

எங்கட ஆக்களிடமிருந்தே இன்னொரு எதிர்ப்பு வருகிறது, அதுதான் கனமானது. வாடகை கேட்டால் அவர்களை வாடகைக்காரர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது என்கிறார்கள். நாங்களும் கொஞ்சக்காலம் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சாதாரண வீட்டு வழக்கிலேயே, உரிமையில்லாமல் குந்தியிருந்தவரிடம் நீதிமன்றம் வாங்கித்தருவது வாடகை அல்ல, மாதக்கணக்கில் நட்டஈடு. நட்டஈடு கேட்பது உடன்பட்டதாகாது. உடன்படவே இல்லை என்பதன் கணக்கு அது.

காலமும் எங்கள் பக்கம் இல்லை. போரால் வழக்குப் போட முடியாமல்போனவர்களுக்குக் காலாவதி விதியில் விலக்குத் தர 2016இல் ஒரு சட்டம் வந்தது. அது பார்க்கிற காலம் 2009 மே 18உடன் முடிகிறது. எங்கட பிரச்சினை தொடங்குவதே அதுக்குப் பிறகு. உறுதியும் அனுமதிப்பத்திரமும் இடப்பெயர்வில் தொலைந்தன. எல்லை சொல்லக்கூடிய கிழவர்கள் ஒவ்வொருவராய்ப் போகிறார்கள்.

அதனால் நாங்கள் கேட்பது சின்ன வேலை. காணி திரும்பி வந்த ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள். எத்தனை அறை, கூரை ஓடா தகரமா, கிணறு எத்தனை முழம், எந்த மாதம் வெளியேறினோம், எந்த மாதம் திரும்பினோம் எல்லாம் எழுதுங்கள். அயலவர் இரண்டுபேரின் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். அப்பப்பா நட்ட பலாமரத்தையும் மறக்காமல் போடுங்கள், விலையோடு.