உத்தரவாதம் யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கடையில் பொருள் வாங்கும்போது நாம் இரண்டு சரக்குகளை வாங்குகிறோம். ஒன்று, அந்தப் பொருள். மற்றொன்று, அதைப் பற்றி விற்பவர் தரும் வாக்கு. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், ஓடவிட்டும் பார்க்கலாம். வாக்கை அவ்வாறு சோதிக்க வழியில்லை. பொருள் பழுதான அன்றுதான் வாக்கின் தரம் தெரியவரும். விலை உயர்ந்த பொருளுக்குத் தரப்படும் வாக்குக்காக வாங்கியவர் வாதாடுவார். ஆகவே அது ஓரளவு காப்பாற்றப்படுகிறது. சிறு பொருளுக்குத் தரப்படும் வாக்கோ அச்சடித்த காகிதத்தோடு நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. கணிப்பொறியின் கேபினெட்டில் சுழலும் சிறு விசிறியை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

விசிறியின் தொழில்

கணிப்பொறி வாங்கிக்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றவே கேபினெட்டில் விசிறி பொருத்துகிறார்கள். 120 மில்லிமீட்டர் அகலமுள்ள சதுரச் சட்டம், 12 வோல்ட் நேர்மின்னோட்டம், சில நூறு ரூபாய் விலை - இவ்வளவுதான் அது. ஆனால் இது நின்றுபோனால் உள்ளே சூடு ஏறும். பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் வழங்கும் பொதுவிதி. பல ஆயிரம் ரூபாய்ச் சாதனத்தின் ஆயுள் சில நூறு ரூபாய் விசிறியை நம்பி நிற்கிறது.

இவ்விசிறியின் மோட்டாரில் பிரஷ் கிடையாது. சுருள்கள் அசையாமல் நிற்கக் காந்தம் சுழல்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம் செல்ல வேண்டும் என்பதை, எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவின்படி இயங்கும் ஒரு சிறு உணர்கருவி அறிவிக்கிறது. ஆகவே உரசித் தேயும் இடம் இதில் ஒன்றே ஒன்றுதான். அதுதான் பேரிங்.

விலை மலிவான விசிறிகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்லீவ் பேரிங். எண்ணெய் ஊறிய, நுண்துளைகள் கொண்ட வெண்கலக் குழலுக்குள் எஃகு அச்சு சுழலும். இரண்டுக்கும் இடையே எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை தேய்மானம் மிகக் குறைவு. சூட்டினால் எண்ணெய் மெல்ல மெல்ல ஆவியாகும். புகுந்த தூசி எஞ்சியதைப் பசையாக்கும். படலம் அறுந்துவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். முதலில் காலையில் போட்டவுடன் சற்று நேரம் கரகரப்பு, பிறகு நாள் முழுவதும் கரகரப்பு, பிறகு வேகக் குறைவு, கடைசியில் ஓய்வு.

மணிக்கணக்கும் ஆண்டுக்கணக்கும்

விசிறியின் ஆயுளைத் தயாரிப்பாளர்கள் மணிக்கணக்கில் சொல்கிறார்கள். ஸ்லீவ் பேரிங் விசிறிக்கு 30,000 மணி என்ற எண்ணைப் பரவலாகக் காணலாம். இரவும் பகலும் ஓடினால் இது 1,250 நாள். அதாவது ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 3,750 நாள், பத்தாண்டுக்கும் மேல். ஆனால் இந்த எண் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு உரியது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டிற்குள் ஓடும் கணிப்பொறியை நினைத்து எழுதப்பட்டது அன்று. பெட்டியின்மேல் மணிக்கணக்கு, உத்தரவாதச் சீட்டில் ஆண்டுக்கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு யாரும் கற்றுத்தருவதில்லை.

எங்கள் வீட்டுக் கணிப்பொறியின் விசிறிக்கு இரண்டாண்டு உத்தரவாதம் இருந்தது. பதினான்காம் மாதமே கரகரப்புத் தொடங்கியது. பில்லும் பெட்டியும் பத்திரமாக இருந்தன. வாங்கிய கடையில் கேட்டபோது, "விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது தம்பி. சர்வீஸ் சென்டருக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள்" என்றார்கள். விசிறியின் விலை 450 ரூபாய். கூரியருக்கு 120 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதன் பொருள் அன்று விளங்கியது. மூன்று வாரம் கழித்து அதே விசிறி அதே கரகரப்போடு திரும்பி வந்தது. உடன் வந்த சீட்டில், "விசிறி சுழல்கிறது, ஓசை இயல்பான தேய்மானத்தால் வருவது, உள்ளே தூசி உள்ளது, உத்தரவாதத்தில் அடங்காது" என்று எழுதியிருந்தது.

இந்த விடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தேயக்கூடிய உறுப்பு ஒன்றே ஒன்று உள்ள பொருளில் தேய்மானத்தை விலக்கிவிட்டால் உத்தரவாதத்தில் எஞ்சுவது என்ன? காற்றை இழுப்பதே விசிறியின் தொழில். காற்று இருக்கும் இடத்தில் தூசியும் இருக்கும். விசிறியில் தூசி படிந்தது என்று குற்றம் சொல்வது, குடை நனைந்துவிட்டது என்று குற்றம் சொல்வதற்கு ஒப்பாகும். சில விசிறிகளில் நடுவே ஒட்டிய சீட்டை உரித்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மேலும் சில மாதம் ஓடும். ஆனால் சீட்டை உரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்கிறார்கள். தாமும் பழுது பார்க்க மாட்டார்கள். நம்மையும் பார்க்க விட மாட்டார்கள்.

மறுபக்கம்

கடைக்காரர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். சொற்ப லாபத்திற்கு விசிறி விற்கும் சிறு கடைக்காரர், தம் கைப்பொறுப்பில் புதியது எடுத்துக் கொடுத்தால் அவருக்கு யார் ஈடு செய்வார்? இறக்கையை உடைத்துவிட்டு, தானே உடைந்தது என்று சாதிக்கும் வாடிக்கையாளரும் இல்லாமல் இல்லை. இவை உண்மையே. ஆயினும் இரண்டாண்டு என்று அச்சிட்டவர் கடைக்காரர் அல்லர், நிறுவனம். அச்சிட்டவரே சுமையை ஏற்பதுதான் முறை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கேட்பதற்கு ஆகும் செலவு பொருளின் விலையை நெருங்கினால் பெரும்பாலோர் கேட்கமாட்டார்கள். யாரும் கேட்காத வாக்கைக் கொடுப்பதற்குச் செலவே இல்லை. வசதியுள்ளவர் "போனால் போகிறது" என்று புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்வார். அவருக்கு உத்தரவாதம் தேவையே இல்லை. ஒரு நாள் கூலியைச் சேர்த்துவைத்து விசிறி வாங்கும் வீட்டிற்குத்தான் அது தேவை. அந்த வீட்டாரிடமோ கூரியருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. அலைவதற்கு நாளும் இல்லை. தேவைப்படுவோருக்குக் கிட்டாத உத்தரவாதம் யாருக்காக எழுதப்பட்டது?

சட்டம் உண்டு, வழி நீளம்

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதற்கு மாற்றாக 2019-இல் இயற்றப்பட்ட சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்பவர் தாமே கூறிக்கொண்ட தரத்தில் பொருள் குறைந்தாலும் அது குறைபாடே என்கிறது சட்டம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் 450 ரூபாய்க்காக மாவட்டத் தலைநகருக்கு ஒருமுறை சென்றுவர ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே சட்டத்தின் வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது. நியாயம் கடையின் மேசையருகிலேயே கிடைக்கவேண்டும்.

அதற்கு மூன்று மாற்றங்கள் வேண்டும். முதலாவது, சிறு விலைப் பொருள்களை வாங்கிய கடையிலேயே மாற்றித் தரவேண்டும். நிறுவனம் கடைக்காரருக்கு ஈடு செய்யவேண்டும். இரண்டாவது, பேரிங்கின் வகை, ஆயுள் மணிக்கணக்கு, எந்த வெப்பநிலையில் அது பொருந்தும் என்ற விவரங்களைப் பெட்டியின்மேல் தமிழில் அச்சிட வேண்டும். மூன்றாவது, "தேய்மானம் அடங்காது" என்ற வரி உத்தரவாதக் காலத்திற்குள் செல்லாது என ஆக்கவேண்டும். இத்தனை காலம் தேயாது என்பதுதானே உத்தரவாதத்தின் பொருள்?

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. உழவுக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம், வாகனம் ஆகியவற்றில் அதன் கவனம் சென்றது. அந்த வரிசையில் சிறு பொருள்களுக்கும் இடம் வேண்டும். பேரிங் தேய்ந்ததற்காக மோட்டார், காந்தம், செம்புச் சுருள் அனைத்தையும் குப்பையில் எறிவது எந்த வகையில் சிக்கனம்?

மாணவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. வாங்கும்போதே "என்ன பேரிங்? எத்தனை மணி? பழுதானால் யார் மாற்றித் தருவார்?" என்று கேட்போம். பில்லைப் பத்திரப்படுத்துவோம். மறுப்பை எழுத்தில் வாங்குவோம். தொகை சிறிது என்று எண்ணாமல் முறையிடுவோம். சிறு தொகைதானே என்று ஒவ்வொருவரும் விட்டுக்கொடுப்பதால்தான் இந்த வழக்கம் நிலைத்து நிற்கிறது. பொருள் சிறியதாக இருக்கலாம். அதற்காகக் கொடுத்த வாக்கும் சிறியதாகிவிட நாம் இடம் தரலாகாது.