சோதனைக் குழாய் வேறு, புழுவின் குடல் வேறு

கடுக்காய்ச் சாற்றை மல்பெரி இலையில் தெளித்துக் கொடுத்தால் பட்டுப்புழுவின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு வலுப்படும் என்று கடந்த இதழில் ஒரு கட்டுரை அடித்துச் சொன்னது. கட்டுரையாளர் காட்டிய ஆதாரங்கள் இரண்டு. இரண்டுமே நிற்காது.

முதலாவது, ரேடிக்கல்களை அடக்கும் திறனை அளக்கும் டிபிபிஎச் சோதனை. ஊதாக் கரைசலில் சாற்றை விட்டதும் அது மஞ்சளாக வெளுத்ததாம். வெளுக்கத்தான் செய்யும், கடுக்காயில் டானின் மிகுதி. ஆனால் அந்தச் சோதனை பொதுவாக மெத்தனாலில் நடப்பது. இலை தின்னும் புழுக்களின் நடுக்குடலோ கடுங்காரம். பிஎச் அளவு 8-ஐத் தாண்டும், சிலவற்றில் 10-ஐயும் தொடும். அந்தக் காரத்தில் டானின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடையும் செமிகுயினோன் ரேடிக்கல்களையும் உண்டாக்கும். குழாயில் காவல் நின்ற பொருளே குடலில் கொள்ளையடிக்கும்.

இரண்டாவது, சாறு தின்ற புழுக்களில் கேட்டலேஸ் என்ற நொதி கூடியதாம். கேட்டலேஸின் வேலையே ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைப்பதுதான். அது கூடியது புழு தாக்கப்படுகிறது என்பதற்கே அடையாளமாக இருக்கலாம். ஆரோக்கியம் என்று சொல்ல புழுவின் எடை வேண்டும், கூட்டின் எடை வேண்டும், குடல் திசுவில் கொழுப்பு எவ்வளவு சிதைந்தது என்ற கணக்கு வேண்டும். கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பிறகு எந்தத் துணிச்சலில் உழவருக்குப் பரிந்துரை எழுதினார்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பார்பெஹென் குழு டானின் புழுவின் குடலில் என்ன செய்யும் என்பதை 2000-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்துவிட்டது. மலகோசோமா டிஸ்ட்ரியா புழுவின் குடலில் டானினால் ரேடிக்கல்கள் பெருகின. ஓர்கியா லியூகோஸ்டிக்மா என்ற இன்னொரு புழு அதே டானினைத் தாங்கியது. அதன் குடல் நீரில் அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி, கூடுதலாக இருந்தது. டானின் கேடா இல்லையா என்பதைப் புழுவின் இனமும், இலையோடு சேர்ந்து உள்ளே போகும் வைட்டமின் சி-யும் தீர்மானிக்கின்றன. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

பட்டுப்புழுவுக்கும் வைட்டமின் சி மல்பெரி இலையிலிருந்துதான் வர வேண்டும். அது இல்லாத செயற்கை உணவில் புழுவின் வளர்ச்சி குன்றும். இலையின் வைட்டமின் சி-யைக் காப்பதற்கு வழி, பறித்த இலையை வாடவிடாமல் கொடுப்பது. டானினை ஏற்றுவது அல்ல.

புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் உள்ளே போகிறது. அப்போது தவறான தெளிப்பு விழுந்தால் வாங்கிய முட்டைத் தொகுதியும் போட்ட உழைப்பும் சேர்ந்து போகும். நட்டம் உழவருக்கு; கட்டுரையாளருக்கு அல்ல. அடுத்த இதழிலேயே அந்தப் பரிந்துரையை அவர் திரும்பப் பெற வேண்டும்.