வை-பை வராவிட்டால் லேப்-டாப் கெட்டுவிட்டதா?

பழைய லேப்-டாப்பில் லினக்ஸ் போட்டாகிவிட்டது. திரை எரிகிறது. தமிழ் எழுத்தும் வருகிறது. வை-பை மட்டும் வரவில்லை. உடனே "பெட்டி போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இது அவசரத் தீர்ப்பு!

பொம்மிடி போன்ற ஊர்களில் இந்தத் தீர்ப்புக்கு விலை அதிகம். ரிப்பேருக்காகச் சேலத்துக்கு ரெயில் ஏறவேண்டும். ஒரு நாள் கூலி போகும். அதுவரை பிள்ளையின் படிப்பு நிற்கும்.

லினக்ஸ் என்பது என்ன?

கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். தமிழக சர்க்கார் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்-டாப்களில் விண்டோசுடன் "பாஸ்" லினக்சும் வந்தது. அதை உருவாக்கியது சி-டாக் என்ற மத்திய சர்க்கார் நிறுவனம்.

விண்டோஸ்-10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ்-11 ஏறாது. ஆகவே, லினக்ஸ் பக்கம் வரும் குடும்பங்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

என்ன செய்யவேண்டும்?

முதலில், வை-பை சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில லேப்-டாப்களில் அது பக்கவாட்டில் இருக்கும். சிலவற்றில் விசைப்பலகையில் இருக்கும். "விமானப் பயன்முறை" இயங்கினாலும் வை-பை வராது.

இரண்டாவது, கருவி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். டெர்மினலைத் திறந்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற எழுத்துக்களைப் புள்ளி இல்லாமல், சிறிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வெளியே செருகும் கருவியானால் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்று அடியுங்கள். வை-பை கருவிக்கு உரிய வரியில் இன்டெல், ரியல்டெக், பிராட்காம் என்று ஏதாவது ஒரு பெயர் வந்தால் கருவி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அந்தப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டி.எம்.இ.எஸ்.ஜி. என்று அடியுங்கள். அனுமதி இல்லை என்றால் முன்னால் எஸ்.யு.டி.ஓ. சேர்த்து, ஒரு இடைவெளி விட்டு அடியுங்கள். கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு வரும். அதில் "பர்ம்வேர்" கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால் நோய் தெரிந்துவிட்டது!

பர்ம்வேர் என்பது வை-பை சில்லுக்குள் ஏறவேண்டிய சிறு மென்பொருள். அது இல்லாவிட்டால் சில்லு விழிக்காது. அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வை-பை வேண்டும். என்ன வழி?

செல்போன்தான் வழி. போனை யு.எஸ்.பி. கம்பியால் லேப்-டாப்போடு இணைத்து, "யு.எஸ்.பி. டெதரிங்" என்பதை இயக்குங்கள். பெரும்பாலும் உடனே இன்டர்நெட் வரும். குறித்து வைத்த கருவிக்கு உரிய பர்ம்வேரை நிறுவி, பெட்டியை அணைத்துப் போடுங்கள்.

குற்றம் யாருடையது?

பல கம்பெனிகள் மருந்தைத் தருகின்றன. பக்குவத்தைச் சொல்ல மறுக்கின்றன. அதனால்தான் டெபியன் என்ற லினக்ஸ் அமைப்பு, இத்தகைய பர்ம்வேரைத் தன் வழக்கமான நிறுவல் தட்டில் நெடுங்காலம் சேர்க்காமல் இருந்தது. 2022-ல் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுக் கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன்-12 முதல் அதுவும் சேர்ந்தே வருகிறது. கொள்கை பெரிதுதான். ஆனால் ஏழைப் பிள்ளையின் படிப்பும் பெரிது.

வை-பை கருவி விற்பவர்கள் "லினக்சில் வேலை செய்யும்" அல்லது "செய்யாது" என்று அட்டையிலேயே அச்சிடவேண்டும். சர்க்கார் கம்ப்யூட்டர் வாங்கும்போது இதை ஒரு நிபந்தனையாக வைக்கவேண்டும். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் இந்த மூன்று சோதனைகளையும் மாணவர்களுக்குச் சொல்லித்தரவேண்டும். ஒரு வகுப்பு நேரம் போதும்.

பெற்றோர்களே! பரண் மேல் கிடக்கும் அந்த லேப்-டாப்பைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கீழே இறக்குங்கள். பிள்ளையையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி பிழைத்தால் பணம் மிச்சம். பிழைக்காவிட்டாலும், காரணத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு மிச்சம்.