கிடர்பூர் டாக் முதல் செபி வரை: ஒழுங்குமுறை அமைப்புகளின் கடிவாளம் யார் கையில்?

கொல்கத்தாவின் கிடர்பூர் டாக்கில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. நிற்பதற்கு எவ்வளவு வாடகை, இறக்கும் சரக்குக்கு எவ்வளவு கட்டணம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அந்தக் கட்டணம் நியாயமில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

'எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்கலாம். சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களும் இதே சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. உங்கள் மியூச்சுவல் ஃபண்டைக் கண்காணிக்கும் செபி, மொபைல் சேவையைக் கவனிக்கும் டிராய் ஆகியவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும். நடுவராக இருக்க வேண்டியவரை நியமிப்பது யார்? அவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யாருக்கு?

கிடர்பூரில் என்ன மாறியது?

பெரிய துறைமுகங்கள் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 1997க்கு முன்பு, துறைமுகப் பொறுப்புக் கழகம் கட்டணத்தை வகுக்கும், மத்திய அரசு ஒப்புதல் தரும். தனியார் முனையங்கள் வரத் தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரும், போட்டியாளரும், விலையை நிர்ணயிப்பவரும் ஒருவராகவே இருந்தால் எப்படி? அதனால் 1997ல் பெரிய துறைமுகங்களுக்கான கட்டண ஆணையம் (டேம்ப்) உருவாக்கப்பட்டது.

பெரிய துறைமுக ஆணையங்கள் சட்டம், 2021 அந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. இப்போது துறைமுக வாரியமே தன் கட்டணத்தை வகுத்துக்கொள்ளலாம். வாரியத்தின் தலைவரை நியமிப்பது மத்திய அரசு. தகராறு வந்தால் விசாரிக்க ஒரு தீர்ப்பு வாரியம் உண்டு. அதன் தலைவர் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியாகவோ உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவோ இருக்க வேண்டும். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்.

இதற்கு அரசுத் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தனியார் காட்டுப்பள்ளி துறைமுகம் தன் விலையைத் தானே மாற்றிக்கொள்கிறது. அரசுத் துறைமுகம் மட்டும் ஒவ்வொரு கட்டண மாற்றத்துக்கும் ஓர் ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் போட்டி போட முடியாது. அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண் போய்விட்டது என்பதும் உண்மை.

அரசியலமைப்பு என்ன சொல்லுது?

நேரடியாக எதுவும் சொல்வதில்லை. செபி, டிராய், டேம்ப் போன்ற பெயர்கள் எதுவும் அரசியலமைப்பில் கிடையாது. இவை நாடாளுமன்றச் சட்டங்களால் பிறந்தவை. இன்னொரு சட்டத்தால் இவற்றைக் கலைக்கவும் முடியும். பாதுகாப்பும் அமைப்புக்கு அமைப்பு மாறுகிறது. நீக்கும் விதிகளைப் பாருங்கள்:

- தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி): உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான வழி. பிரிவு 148 தரும் பாதுகாப்பு இது.
- யுபிஎஸ்சி உறுப்பினர்: தவறான நடத்தைக்காக நீக்க, உச்ச நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். இது பிரிவு 317.
- போட்டி ஆணைய (சிசிஐ) உறுப்பினர்: பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி நீக்க, உச்ச நீதிமன்ற விசாரணை தேவை. ஆனால் இது சாதாரணச் சட்டம் தந்த பாதுகாப்பு.
- செபி தலைவர்: மூன்று மாத நோட்டீஸ், அல்லது அதற்குப் பதிலாக மூன்று மாதச் சம்பளம். அவ்வளவுதான்.
- ரிசர்வ் வங்கி ஆளுநர்: மத்திய அரசு நீக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் பிரிவு 11.

உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் பீரியடும் செபி தலைவருடையதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம்!

சட்டம் தந்த பாதுகாப்பு எவ்வளவு நிலையானது என்பதற்கு டிராய் நல்ல உதாரணம். 1997 சட்டப்படி, பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஓர் உறுப்பினரை நீக்க உச்ச நீதிமன்ற விசாரணை வேண்டும். அடுத்த ஆண்டுகளில் டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் நீதிமன்றத்தில் மோதின. 2000ல் சட்டம் திருத்தப்பட்டது. இருந்த டிராய் கலைக்கப்பட்டு, புதியது அமைக்கப்பட்டது. உச்ச நீதிமன்ற விசாரணைக்குப் பதில், உறுப்பினரின் விளக்கத்தைக் கேட்டாலே போதும் என்றானது.

2014லும் ஒரு திருத்தம் வந்தது. முன்னாள் டிராய் தலைவர் மீண்டும் அரசுப் பதவிக்கு வரக் கூடாது என்ற தடையை ஓர் அவசரச் சட்டம் தளர்த்தியது. நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளராக முடிந்தது அதனால்தான். பதவிக்குப் பிறகு இன்னொரு பதவி காத்திருக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், பதவியில் இருக்கும்போது எடுக்கும் முடிவுகளை அது பாதிக்காதா? அந்தத் தடையின் நோக்கமே இந்தக் கேள்வி எழக் கூடாது என்பதுதான்.

அப்போ கோர்ட் எங்கே தலையிடுது?

தகராறைத் தீர்க்கும் இடத்தில். இந்தச் சட்டப் போராட்டத்தில் ஒரு சென்னைப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: மெட்ராஸ் பார் அசோசியேஷன். தீர்ப்பாயங்களின் நியமனம் பற்றி 2010, 2014, 2015, 2020, 2021 என உச்ச நீதிமன்றம் தொடர்ந்து தீர்ப்பு சொன்னது. சாரம் ஒன்றுதான்: நீதிமன்றத்தின் வேலையை ஒரு தீர்ப்பாயத்திடம் கொடுத்தால், நீதிமன்றத்துக்கு உள்ள சுதந்திரத்தையும் அதற்குக் கொடுக்க வேண்டும். அரசே பெரிய வழக்காடியாக இருக்கும் இடத்தில், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் அரசின் பிடியில் இருக்கக் கூடாது.

2021 ஜூலையில், நான்கு ஆண்டுப் பதவிக்காலம், குறைந்தபட்ச வயது 50 ஆகிய விதிகளை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்டிலேயே அதே விதிகளுடன் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பர் 19 அன்று, தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், நீதிபதி கே.வினோத் சந்திரன் அமர்வு அவற்றையும் ரத்து செய்தது. தீர்ப்பு சுட்டிய குறையைச் சரிசெய்யாமல், அதே விதியைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதே அதன் அடிப்படை. தேசியத் தீர்ப்பாய ஆணையம் அமைக்க நான்கு மாத அவகாசமும் தந்தது.

ஆனால் இந்தக் கேடயம் விலை நிர்ணயிப்பவருக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. மின்கட்டணம் நிர்ணயிப்பது நீதித்துறைப் பணி அல்ல, ஆகவே மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் நீதிபதியாக இருக்க வேண்டியதில்லை என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகராறுகளையும் அந்த ஆணையம் தீர்ப்பதால், சட்டம் தெரிந்த ஓர் உறுப்பினராவது கட்டாயம் என்றது.

அரசுக்குக் கட்டுப்பாடே இருக்கக் கூடாதா?

இருக்கத்தான் வேண்டும். யாரும் ஓட்டுப் போடாத ஓர் அதிகாரி கோடிக்கணக்கானோரின் செலவைத் தீர்மானிக்கும்போது, யாருக்காவது அவர் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் இதே சண்டைதான். ஃபெடரல் டிரேட் கமிஷன் உறுப்பினரைக் காரணமின்றி அதிபர் நீக்க முடியாது என்று 1935ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025ல் அதே ஆணையத்தின் உறுப்பினர் ரெபெக்கா ஸ்லாட்டரை டிரம்ப் நீக்கியதும் அந்தப் பழைய தீர்ப்பே கேள்விக்கு உள்ளானது.

இந்தியாவில் நீக்கம் வரை போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. செபி, டிராய் சட்டங்களில், கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்துபூர்வமாக உத்தரவிடலாம். அமைப்பு கட்டுப்பட வேண்டும். டேம்ப்புக்கும் இதேதான் இருந்தது. எது கொள்கை, எது இல்லை என்று சந்தேகம் வந்தால் யார் முடிவு செய்வது? மத்திய அரசுதான். அதுவே இறுதி.

அடுத்த முறை ஒரு புதிய ஒழுங்குமுறை அமைப்பு பற்றிய செய்தி வரும்போது, தலைவர் யார் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை ஆண்டுப் பதவி? யார், எப்படி நீக்கலாம்? ஓய்வுக்குப் பின் அரசு வேலைக்குப் போகலாமா? கொள்கை உத்தரவுக்கு எல்லை உண்டா? நான்கு கேள்விகளுக்கும் பதில் அந்தந்தச் சட்டத்தில் சில பக்கங்களுக்குள் கிடைத்துவிடும். கிடர்பூரில் கட்டணம் கட்டும் கப்பல் முகவருக்கும், செபியை நம்பி மாதாமாதம் பணம் போடும் உங்களுக்கும், நடுவர் எவ்வளவு தூரம் நடுவில் நிற்க முடியும் என்பதை அந்தப் பக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன.