சதுர ஓட்டைக் காசு

வட்டக் காசு, நடுவில் சதுர ஓட்டை, சுற்றி நான்கு எழுத்து. கையில் கிடைத்தால் பெரும்பாலும் சீனக் காசுதான். (ஜப்பான், வியட்நாமிலும் இதே மாதிரி உண்டு.) எந்தக் காலத்தது என்று பார்க்கத்தான் பொறுமை வேண்டும்.

என் அண்ணா பெண் ஆஸ்திரேலியாவில் பல்லாரட்டில் இருக்கிறாள். 1851-ல் தங்கம் கிடைத்த ஊர். இவளும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, உலோகம் காட்டும் கருவியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவாள். தங்கத்துக்குப் பதில் இந்தக் காசு வந்தது! படம் அனுப்பி, "அத்தை, புளி போட்டுத் தேய்ச்சுடட்டுமா?" என்றாள். என் மாமனார் நாணயம் சேர்த்தவர். அவர் பெட்டியும் புத்தகங்களும் இப்போது என்னிடம். அந்த தைரியத்தில் கேட்கிறாள்.

"ஐயோ, வேண்டாம்டி!" என்றேன். குத்துவிளக்குக்குப் புளி சரி. மண்ணில் கிடந்த காசுக்கு அது எமன்; மேல்படலத்தோடு எழுத்தும் போய்விடும். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

பிறகு படித்தோம். மேல், கீழ், வலம், இடம் என்பது வரிசை. கோடுகள் நெருக்கமாக உள்ள எழுத்து இடப்பக்கம் வரும்படி பிடித்தால் தலைகீழாகாது. மேலும் கீழும் ராஜாவின் ஆட்சிப் பெயர். பின்பக்கம் மஞ்சு எழுத்து இருந்தால், 1644 முதல் ஆண்ட சிங் வம்சத்துக் காசு. அதில் வலப்பக்கம் நாணயசாலையின் பெயர். இவளுடையது சியான்லாங் காசு. 1736 முதல் 1795 வரை.

அவளுக்கு ஒரே குதி. "கேப்டன் குக் 1770-லதானே வந்தார்! அதுக்கு முன்னாடியே சீனர்கள் வந்துட்டாங்களா?"

அங்கேதான் நிதானம் வேண்டும். காசு சொல்வது வார்த்த காலத்தை. தொலைத்த காலத்தை அல்ல. அரசர் மாறினாலும் பழைய காசு சீனாவில் புழக்கத்தில் இருந்தது. 1850-களில் தங்கம் தேடி வந்த சீனர்கள் பையில் தாத்தா காலத்துக் காசும் கலந்து வந்தது. சூதாட்டத்தில் எண்ணிக்கைக்குக்கூட வைத்துக்கொண்டார்களாம். எங்கள் மன்னார்குடிப் பக்கம் தாலிக்கோட்டையில் கிடைத்த சீனக் காசுக் குவியலிலும் பல நூற்றாண்டுக் காசுகள் ஒன்றாகவே இருந்தன. அதில் மிகப் புதிய காசைப் பார்த்துத்தான், குவியல் அதற்கு முன்னால் புதைந்திருக்க முடியாது என்று சொல்லலாம்.

விலை? சியான்லாங் காசு ஏராளம். சாதாரணமாகப் பெரிய தொகை போகாது. அவளுக்குக் கொஞ்சம் முகம் வாடியது.

உங்கள் கொல்லையில் இப்படிக் குவியல் அகப்பட்டால் பாத்திரக்காரரிடம் போடாதீர்கள். பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருஷச் சட்டமே இருக்கிறது.