வலைப்பூவும் வகுப்பறையும்

“டீச்சர், பெண் பிள்ளை கையில் கைபேசியைக் கொடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தாயார் கேட்டார். கூட்டம் முழுவதும் என்னை நோக்கித் திரும்பியது. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அன்று சொல்ல முடியாமற் போனதை நம் ஆண்டு மலரின் வாயிலாகச் சொல்ல விழைகிறேன்.

கைபேசி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதனுள் வெவ்வேறு தன்மை உடைய பல பொருள்கள் இருக்கின்றன. கல்வியோடு தொடர்புடைய மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். முதலாவது வலைப்பூ. ஒருவர் தம் எண்ணங்களை நாட்குறிப்புப் போல நாள்தோறும் எழுதி, உலகம் படிக்கும்படி இணையத்தில் வைப்பது. இரண்டாவது விக்கி. பலர் கூடி ஒரே பக்கத்தை எழுதுவதும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்துவதும் இதன் முறை. 1995 ஆம் ஆண்டு வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர் இம்முறையை ஏற்படுத்தினார். ‘விக்கி’ என்பது ‘விரைவு’ எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல். மூன்றாவது முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் முதலிய சமூக ஊடகங்கள். இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாம் கெடுதல் என்றோ எல்லாம் முன்னேற்றம் என்றோ தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இவற்றைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் மாணவிக்கு இவற்றால் வரும் நன்மை சிறிது. இவற்றில் பொறுப்போடு எழுதக் கற்கும் மாணவிக்கு வரும் நன்மை மிகப் பெரிது. அப்படி எழுதக் கற்றுக்கொடுப்பது பள்ளியின் கடமை.

இந்த முடிவுக்கு நான் எளிதில் வந்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவியரிடம் ‘நம் மாவட்டம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதிவரச் சொன்னேன். நாற்பத்திரண்டு ஏடுகள் வந்தன. அவற்றுள் முப்பத்தொன்றில் ஒரே வாக்கியங்கள். நம் ஏரியின் பரப்பளவில் ஒரு சுழியம் கூடுதலாக இருந்தது. அந்தத் தவறும் முப்பத்தொரு ஏடுகளிலும் பிசகாமல் இருந்தது! எங்கோ ஓர் இணையப் பக்கத்தில் யாரோ செய்த பிழையை, அந்த ஏரிக்கரை வழியாகவே அன்றாடம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அப்படியே படியெடுத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. “இனி இணையத்தைத் தொடக் கூடாது” என்று கண்டித்தேன்.

அன்றிரவு சிந்தித்துப் பார்த்தபோது தவற்றில் பாதி என்னுடையது என்பது புரிந்தது. எங்கும் எளிதாகக் கிடைக்கும் செய்தியை எழுதிவரச் சொன்னவள் நான். எழுதியதைப் படிக்கப் போகிறவளும் நான் ஒருத்தியே. எனக்காக எழுதி, என்னிடம் மதிப்பெண் வாங்கி, ஆண்டு முடிவில் பழைய காகிதக் கடைக்குப் போகப்போகும் ஏட்டில் ஒரு பிள்ளை ஏன் தன் உள்ளத்தைச் செலுத்த வேண்டும்? இன்று செயற்கை நுண்ணறிவு இயந்திரம் கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே இக்கேள்வி முன்னிலும் கூர்மையாகிவிட்டது.

படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? இதற்கு ஸ்காட்லாந்து நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டலாம். 2012 ஆம் ஆண்டு மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தன் தந்தையின் துணையோடு ஒரு வலைப்பூ தொடங்கினாள். பள்ளியில் தனக்குக் கிடைக்கும் மதிய உணவைப் படம் எடுத்து, அது எத்தனை வாய் இருந்தது, உடலுக்கு நல்லதா என்று மதிப்பெண் இட்டு எழுதினாள். முதலில் தன் பெயரைக்கூட வெளியிடாமல் புனைபெயரிலேயே எழுதினாள். படிப்போர் தொகை இலட்சக் கணக்கில் பெருகியது. அவ்வாண்டு ஜூன் மாதம் அவ்வூர் ஆட்சி மன்றம், இனிப் பள்ளியில் படம் எடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே மறுநாளே தடை நீங்கியது. அவள் எழுத்தைப் படித்தவர்கள், பசித்த பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் ‘மேரிஸ் மீல்ஸ்’ என்ற தொண்டு நிறுவனத்திற்கு அனுப்பிய நன்கொடை ஓர் இலட்சம் பவுனைத் தாண்டியது. அதனால் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பள்ளி ஒன்றில் சமையற்கூடம் எழுந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாது? அச்சிறுமி பெரிய தத்துவம் எதையும் எழுதிவிடவில்லை. தன் தட்டில் இருந்ததைப் பார்த்து, எண்ணி, உண்மையாக எழுதினாள். அருகில் தந்தை இருந்தார். தன் தட்டில் தொடங்கிய எழுத்து பிறர் தட்டில் முடிந்தது. நம் பிள்ளைகளுக்கும் எழுத எவ்வளவோ இருக்கின்றன. பாட்டி அப்பளம் இடும் பக்குவம், தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லாத குறை ஆகியவற்றை எந்த இணையப் பக்கத்திலிருந்தும் படியெடுக்க முடியாது அல்லவா?

வலைப்பூ தன் அனுபவத்தை எழுதும் இடம் என்றால், விக்கிப்பீடியா ஆதாரம் காட்டி எழுதும் இடம். 2001 ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய இக்கலைக்களஞ்சியம் 2003 ஆம் ஆண்டில் தமிழுக்கும் வந்தது. இலங்கைத் தமிழரான மயூரநாதன் அவர்கள் தொடக்க காலத்தில் ஏறத்தாழத் தனியொருவராகவே பாடுபட்டார் என்றால் அது மிகையாகாது. பின்னர் பலர் கைகொடுத்தனர். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்க் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. இவற்றை எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் எதுவும் பெறாத தன்னார்வலர்கள்.

“யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அதை எப்படி நம்புவது?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதே விடையும் ஆகும். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வரலாறு’ என்றொரு பக்கம் உண்டு. யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பதை அதில் காணலாம். ‘உரையாடல்’ என்ற பக்கத்தில், ‘இச்செய்திக்குச் சான்று எங்கே?’ என்று கேட்கலாம். புதிதாக எழுத வருவோர் பழகிப் பார்க்க ‘மணல்தொட்டி’ என்ற இடமும் உண்டு. சான்று கேட்பது, பிறர் திருத்தினால் சினம் கொள்ளாமல் ஏற்பது, தன் விருப்பு வெறுப்பை ஒதுக்கி எழுதுவது ஆகிய பழக்கங்களை எத்தனை ஆண்டு இலக்கணப் பாடம் நடத்தினாலும் என்னால் இவ்வளவு எளிதில் ஊட்ட முடியாது. ஏரியின் பரப்பளவைத் தவறாகப் படியெடுத்த அதே பிள்ளை, நூலகத்தில் மாவட்டக் குறிப்பேட்டைப் பார்த்து அந்தச் சுழியத்தை நீக்கினால், அதுவன்றோ கல்வி!

பெண்கள் பள்ளியாகிய நாம் இதில் நுழைய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஆம் ஆண்டு அக்டோபரில் கனடா நாட்டின் டோனா ஸ்டிரிக்லண்டு அம்மையாருக்கு இயற்பியலில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மேரி கியூரி (1903), மரியா கோப்பெர்ட் மேயர் (1963) ஆகிய இருவருக்குப் பின் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண்மணி அவர். அன்று காலைவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருடைய பேராசிரியருக்கோ ஏற்கெனவே கட்டுரை இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில்தான், போதிய சான்று காட்டப்படவில்லை என்று கூறி அம்மையாரைப் பற்றிய வரைவு ஒன்று மறுக்கப்பட்டிருந்தது. அங்கு எழுதுவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களின் பணியைத் தேடிச் சான்றோடு எழுதுவோர் குறைவாக இருந்தால் இப்படித்தான் நேரும். ஜெஸ் வேடு என்ற இங்கிலாந்து இயற்பியலறிஞர் இக்குறையைக் கண்டு, அறிவியல் துறைப் பெண்களைப் பற்றித் தாம் ஒருவராகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார். நம் மாணவியர் தமிழில் ஆண்டுக்கு ஐந்து எழுதக் கூடாதா?

இனிச் சமூக ஊடகங்களுக்கு வருவோம். இங்கு என் குரல் மாறுகிறது. எழுதுவதற்கு ஒரு மணி நேரம் சிந்திக்க வேண்டும்; விரலால் தள்ளிக்கொண்டே போவதற்குச் சிந்தனை தேவையில்லை. படிப்பவரை விடாமல் பிடித்து வைப்பதே அந்நிறுவனங்களுக்கு வருவாய். முகமறியாதவர் நட்புக் கோருவதும், பிள்ளைகளின் படங்களைத் திரித்து வெளியிடுவதும் கற்பனை அச்சங்கள் அல்ல. முகநூலும் இன்ஸ்டாகிராமும் பதின்மூன்று வயது நிறையாதவர் சேரக் கூடாது என்று தாமே விதி வைத்துள்ளன. ஆஸ்திரேலிய நாடு பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு இவற்றில் கணக்குக் கூடாது என்று 2024 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, பெற்றோரின் சம்மதத்தை வலியுறுத்துகிறது. எனவே வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்குவதை எந்தக் காரணம் கொண்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆயினும் அச்சத்தின் பெயரால் நடக்கும் ஓர் அநீதியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்களை வாட்ஸ்அப் வழியாகத்தான் அனுப்பினோம். என் வகுப்பு மாணவி ஒருத்தி இரவு பத்து மணிக்கு மேல்தான் விடைகளை அனுப்புவாள். சோம்பல் என்று எண்ணி ஒரு நாள் கடிந்துகொண்டேன். பள்ளி திறந்தபின் விசாரித்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு, “வீட்டில் ஒரே போன் டீச்சர். பகலில் அண்ணன் வைத்திருப்பான். சமையல் வேலை முடிந்தபின் எனக்குக் கொடுப்பார்கள்” என்றாள். அண்ணன் அதில் பாடம்தான் படித்தானா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காரணம் கேளாமல் கடிந்துகொண்டதற்காக இன்றும் வருந்துகிறேன். பெண் கெட்டுவிடுவாள் என்று அவளுக்குக் கைபேசியை மறுக்கும் வீட்டில், பையன் கெட்டுவிடுவான் என்ற கவலை ஏன் எழுவதில்லை? கட்டுப்பாடு வேண்டியதே, அது இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

நம் பள்ளி செய்யக்கூடியவை என நான் கருதுவனவற்றைப் பணிவோடு முன்வைக்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வலைப்பூ இருக்கலாம். கணக்கு ஆசிரியையின் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் படித்துப் பார்த்த பின்பே எதுவும் வெளிவர வேண்டும். மாணவியரின் முழுப் பெயரோ, படமோ, முகவரியோ அதில் இடம்பெறலாகாது. மேல்நிலை வகுப்பு மாணவியர் இருவர் இருவராகச் சேர்ந்து, நூலகத்தில் குறைந்தது இரண்டு நூல்களைச் சான்றாகத் தேடி, ஆண்டுக்கு ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரை எழுதலாம். அதற்குப் பள்ளிக் கணினி அறையே போதும். வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளையும் பின்தங்க மாட்டாள். வாட்ஸ்அப் குழு பெற்றோருக்கான அறிவிப்புப் பலகையாக மட்டும் இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை கைபேசியைப் பார்க்கும்போது கூடத்தில் அமர்ந்து பார்க்கட்டும். அவள் எழுதியதை வாரம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தறியாத தாயாராக இருந்தாலும் கேட்பதற்குச் செவி போதும். நம்மைக் கேட்க வீட்டில் ஆள் உண்டு என்று அறிந்த பெண், முகமறியாதவரின் பாராட்டுக்கு ஏங்கமாட்டாள்.

அன்பு மாணவியரே! இம்மலரில் உங்கள் கட்டுரை அச்சாகி வரும் நாளில் எத்தனை முறை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் ஓடோடி வந்து வருந்துகிறீர்கள். இணையத்தில் எழுதும்போதும் அந்த மகிழ்ச்சியும் அந்த வருத்தமும் உங்களுக்கு இருக்குமானால் நான் அஞ்ச மாட்டேன். அந்த ஏரியின் பரப்பளவு இன்னும் சில இணையப் பக்கங்களில் தவறாகவே இருக்கிறது. அடுத்த கல்வியாண்டில் நம் பணியை அங்கிருந்து தொடங்குவோமா?