மூணு பேர் பேண்டும் மோட்டார் மேளமும்

"காலம் மாறுது பாஸ், கோயில்ல மோட்டார் மேளம் வந்தா என்ன தப்பு?"

ராஜபாளையம் டீக்கடையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலும் இப்படிக் கேட்கிற ராக் ரசிகர்கள் உண்டு. லண்டனில் 1966-ல் தொடங்கிய 'கிரீம்' குழுவை இவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர். ரெக்கார்டில் ஆறரை நிமிஷம் ஓடும் 'ஸ்பூன்ஃபுல்' பாட்டை மேடையில் 16 நிமிஷத்துக்கு மேல் வாசித்தார்கள். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் அந்த நொடியிலேயே பதில் சொல்வார். அருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் மக்களே, ஆடிப்பூரத் தேரோட்டம் நடக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இதை யாரும் சொல்லித்தர வேண்டுமா? சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது நாதஸ்வரமும் தவிலும் செய்வது இதே வேலைதானே? அடியில் ஆதார சுருதியை விடாமல் பிடிக்க ஒத்து. ஆக மொத்தம் மூன்று!

"அது பழசு, மாறவே மாறாது" என்பது சுத்த அபத்தம். ஒரு காலத்தில் குட்டையான, கீச்சென்ற திமிரிதான் நாதஸ்வரம். பிறகு டி.என்.ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து நீளமான பாரியைக் கொண்டுவந்தார்கள். சுருதி இறங்கியது, நாதம் கனத்தது. தவிலில் தோல் வார் போய் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்தன. ஒத்து ஊதியவர் இடத்தில் சுருதிப் பெட்டி உட்கார்ந்தது.

மாற்றம் வேண்டாம் என்று யார் அழுதார்கள்? இதையெல்லாம் மாற்றியவர்கள் வாசித்தவர்கள். மோட்டார் மேளம் அப்படியா? சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் டங்கு டங்கென்று ஒரே அடி. தீபாராதனை நீண்டாலும் அதே அடி, குறைந்தாலும் அதே அடி. அதற்குக் காது கிடையாது சார்!

"சின்னக் கோயில், வருமானம் இல்லை, மெஷின் ஒரு தடவை செலவு" என்று கணக்குச் சொல்வார்கள். சரி, கணக்கே போடுவோம். லட்சக்கணக்கில் செலவழிக்கும் கல்யாணத்தில் மேளக்காரர் ராகம் எடுத்த இரண்டாம் நிமிஷமே "சினிமாப் பாட்டு போடுங்கண்ணே" என்கிறோமே, அங்கே என்ன பஞ்சம்? கெட்டிமேளத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால், வருஷக்கணக்கில் உட்கார்ந்து ராகம் பழக எந்தப் பையன் வருவான்?

மெஷினைத் திட்டி மட்டும் பிரயோசனமில்லை. அடுத்த கல்யாணத்தில் ஒரு பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கிட்டாருக்குக் கொடுத்த பத்து நிமிஷம்தானே!